குரல் போன ஆண்டில் கதை கேட்டவர்களுக்கு

மார்கழி பிறந்ததும் அந்த ஆண்டு முழுவதும் என் கதைகளைக் கேட்டவர்களுக்கு நன்றி சொல்வது என் வழக்கம். மற்ற ஆண்டுகளில் அது நாலு வரியில் முடிந்துவிடும். இந்த ஆண்டு அப்படி முடிக்க மனம் வரவில்லை. கதை சொல்லிப் பிழைக்கிற எனக்கு ஏறத்தாழப் பாதி ஆண்டு குரலே இல்லாமல் போய்விட்டது. அது ஏன் போனது, எவ்வளவு பணத்தைக் கொண்டுபோனது, எப்படித் திரும்பி வந்தது, அந்த மாதங்களில் கேட்பவர்கள் எனக்காக என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் வரிசையாக எழுதி வைக்கிறேன். ஆசிரியர், மேடைப் பேச்சாளர், பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயரைக் கூவி ஆள் ஏற்றுபவர் என்று தொண்டையை நம்பிப் பிழைக்கும் யாராவது இதைப் படித்துவிட்டு, நான் போனதைவிட ஒரு மாதம் முன்னதாக மருத்துவரிடம் போவார்களானால் எழுதியதற்குப் பலன் உண்டு. எனக்கு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல யாரும் இல்லை.

பாளையங்கோட்டையில் ஞாயிறுதோறும் ஒரு சிறிய நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். மாதம் இருமுறை முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போகிறேன். இவை இரண்டுக்கும் பணம் கிடையாது. கோடை விடுமுறையில் பள்ளிகள் நடத்தும் முகாம்களும் புத்தகக் கண்காட்சிக் கூட்டங்களும்தான் வருமானம். இவை போக, பாட்டி கதைகள், விக்கிரமாதித்தன் கதைகள், தெனாலிராமன் கதைகள் ஆகியவற்றை வீட்டிலேயே பதிவு செய்து கைபேசி வழியாகக் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். நூலகக் கூடத்தில் தகரக் கூரை. நாலு மின்விசிறிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு இரையும். ஒலிபெருக்கி வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம், "மைக் எதுக்கு டீச்சர், ஒங்க குரல்தான் கணீர்னு இருக்கே" என்று ஏற்பாட்டாளர்கள் சிரிப்பார்கள். பள்ளி வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆகியும் நான் இன்னும் எல்லோருக்கும் டீச்சர்தான். அந்தப் பாராட்டு உள்ளூர மகிழ்ச்சியாகவும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டுப் பதிவோ இன்னும் மோசம். எங்கள் தெருவில் பேருந்துச் சத்தம் அடங்க இரவு பதினொரு மணி ஆகிவிடும். அதன் பிறகு இரைச்சல் விழாமலிருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு, சாப்பிட்ட வயிற்றோடு வேர்க்க வேர்க்கப் பேசி, முடிந்த கையோடு படுத்துவிடுவேன்.

முதலில் போனது மெல்லிய குரல்தான். ராட்சசிக்கும் ராசாவுக்கும் குரல் வந்தது. அணிலுக்கும் சுண்டெலிக்கும் வரவில்லை. மேலே எழுப்ப முயன்றால் இடையில் அறுந்து காற்றாகப் போகும். பிறகு மாலை வேளைகளில் குரல் கனத்தது. கழுத்தின் இரு பக்கமும் வலித்தது. வாக்கியத்துக்கு ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொள்ளும் பழக்கம் எனக்குத் தெரியாமலே ஒட்டிக்கொண்டது. வலி இருந்தால் அல்லவா பயப்படுவோம்? தொண்டைக்குள் வலியே இல்லை. ஏப்ரல் மாதம் விடுமுறை முகாம்கள் தொடங்கியிருந்தன. ஏப்ரல் 16 உலகக் குரல் நாள் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டபோது சிரிப்புத்தான் வந்தது; அந்த வாரம் நான் காலையும் மாலையுமாக இரண்டு பள்ளிகளில் ஒலிபெருக்கி இல்லாமல் கத்திக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் ஒரு முகாமில், கிணற்றுக்குள் விழுந்த இளவரசி மேலே பார்த்து "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிடும் இடத்தில் வாயைத் திறந்தேன். வெறும் மூச்சு மட்டுமே வந்தது. பிள்ளைகள் அதையும் கதையில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் இளவரசியின் குரலுக்குக் காத்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன், அவளுக்கு உதவுகிற எண்ணத்தில், "இருக்கோம்!" என்று தானாகவே பதில் குரல் கொடுத்தான். அன்று கூட்டம் அத்தோடு முடிந்தது.

அடுத்து வந்த வாரங்களைத்தான் திரும்பப் பெற முடியாத இழப்பாக நினைக்கிறேன். அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு போட்ட மிளகுப்பால், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தல் என்று வீட்டு வைத்தியம் எல்லாம் நடந்தது. மருந்துக்கடையில் சப்பும் மாத்திரை கொடுத்தார்கள். பக்கத்துத் தெரு மருத்துவர் ஒருவர் தொண்டைப்புண் என்று சொல்லி நுண்ணுயிர்க்கொல்லி எழுதிக்கொடுத்தார். குறையவில்லை என்று போனதும் அதையே வேறு பெயரில் எழுதிக்கொடுத்தார். இதமாக இருப்பது வேறு, குணமாவது வேறு என்பதை அப்போது எனக்கு யாரும் விளக்கவில்லை. நாம் விழுங்குவது எதுவும் குரல்நாண்களை, அதாவது குரல்வளைக்குள் அதிர்ந்து குரலை எழுப்பும் இரண்டு நாடாக்களை, தொடுவதே இல்லை. விழுங்கும் நேரத்தில் குரல்வளை மூடிக்கொள்ளும். கஷாயமும் தேனும் அதற்குப் பின்னால் உள்ள உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குப் போய்விடும். அவை தொண்டையின் சுவரை இதப்படுத்துமே ஒழிய, குரல் பிறக்கும் இடத்தை எட்டாது. ஆவி பிடித்தால் அந்த ஈரம் மூச்சோடு உள்ளே போகும் என்பதால் அதில் ஓரளவு அர்த்தம் உண்டு. புதினா எண்ணெய்க் காரம் கொண்ட மாத்திரைகள் பலருக்குத் தொண்டையை இன்னும் உலர்த்தும். சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், அதற்கு மேல் கைவைத்தியத்தில் ஒரு நாளைக்கூடச் செலவிட வேண்டாம். நேரே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புகைப்பழக்கம் உள்ளவர்களும் ஐம்பதைத் தாண்டியவர்களும் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். குரல்வளைப் புற்றுநோயின் முதல் அறிகுறியே பல நேரங்களில் இந்தக் கம்மல்தான்.

அந்த நினைப்போடுதான் நானும் மே மாதக் கடைசியில் சோதனைக்குப் போனேன். போகும் வழியில் ஆட்டோவில் எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன், சத்தம் இல்லாமல். மூக்கில் மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டு, நுனியில் விளக்குள்ள மெல்லிய குழாயை உள்ளே விட்டு, எதிரே இருந்த திரையில் காட்டினார்கள். இரண்டு வெள்ளை நாடாக்கள், மூச்சு விடும்போது விரிந்தும் "ஈ" என்று சொல்லும்போது சேர்ந்தும் அசைந்தன. முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், இரு நாடாக்களிலும் நேருக்கு நேராக ஒரு சின்னப் புடைப்பு. அது இருப்பதால் நாடாக்கள் முழுதாகச் சேர முடியவில்லை. இடைவெளி வழியாகக் காற்று ஒழுகியது. குரல்நாண் முடிச்சு என்றார் மருத்துவர். கையில் காய்ப்புக் காய்ப்பதைப் போல அங்கேயும் காய்த்திருக்கிறது, புற்று இல்லை என்றார். சாதாரணமாகப் பேசும்போதே ஒரு பெண்ணின் குரல்நாண்கள் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன என்றும், ஒரு மணி நேரக் கதை என்றால் லட்சக்கணக்கான மோதல்கள் என்றும் அவர் சொன்னபோது, மின்விசிறிகளின் இரைச்சலுக்கு மேல் நான் கத்திய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. அறுவை சிகிச்சையை முதல் வழியாக எடுக்க வேண்டாம், பேச்சுப் பயிற்சியிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும் என்று அவர் சொன்னது பெரிய ஆறுதல். இப்படிச் சொல்லாமல் யாராவது உடனே கத்தியை எடுக்கச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு வாரம் முழு மௌனம், அதன் பிறகு அளந்து பேச்சு என்பது எனக்கு விதிக்கப்பட்டது. வேதாளத்தைத் தோளில் சுமந்த விக்கிரமாதித்தன் வாய் திறந்தால் அது முருங்கை மரத்துக்கே திரும்பிப் போய்விடும் அல்லவா, அந்த நிலைமைதான் என்னுடையதும். பால்காரர் கணக்கைத் தப்பாகச் சொல்கிறார், பேச முடியாது. பேத்தி பாடத்தைத் தப்பாக வாசிக்கிறாள், திருத்த முடியாது. பேசக் கூடாது என்றதும் எல்லோரும் செய்வது போல நானும் குசுகுசுவென்று பேசத் தொடங்கினேன். அதையும் செய்யக் கூடாதாம். குசுகுசுப்பு குரல்வளையை இறுக்குமே தவிர ஓய்வு தராது. செருமுவதும் கூடாது; செரும வேண்டும் போலிருந்தால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். இரவில் தூங்காமல் கிடக்கும்போது வந்த எண்ணங்கள் அவ்வளவு நல்லவை அல்ல. எனக்குப் பதிலாக முகாம்களுக்குப் போன இளம் கதைசொல்லியின் பதிவைக் கேட்டுவிட்டு, அவள் நன்றாகச் சொல்கிறாள் என்பதே எனக்குத் தாங்கவில்லை. கதை சொல்ல முடியாத என்னை யாருக்கு வேண்டும் என்ற கேள்வி, வெட்கத்தை விட்டுச் சொன்னால், தினமும் வந்தது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பலன் தராத மருந்துகள், பார்வைக் கட்டணம், கருவிச் சோதனை, பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி என்று எல்லாம் சேர்ந்து முப்பதாயிரம் ரூபாயைத் தொட்டது. உள்நோயாளியாகப் படுத்தால்தான் பணம் என்பது என் காப்பீட்டின் விதி. ஆகவே அதில் ஒரு காசும் கிடைக்கவில்லை. ஒத்துக்கொண்ட முகாம்களைக் கைவிட்டதில் ஐம்பதாயிரத்துக்குக் குறையாத வருமானம் போனது. ஓர் இடத்தில் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அது நியாயம். இன்னோர் இடத்தில், முக்கால்வாசி நிகழ்ச்சிகளை முடித்துக்கொடுத்த பிறகும், "முழுசா முடிக்கலையே" என்று சொல்லி மொத்தத் தொகையையும் நிறுத்திக்கொண்டார்கள். எல்லாம் வாய்ப்பேச்சாக நடந்ததால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு தாள் இல்லை. இப்போது ஒரு பக்கக் கடிதம் இல்லாமல் எங்கேயும் போவதில்லை. ஒவ்வொரு நாள் நிகழ்ச்சிக்கும் தனித்தனிக் கட்டணம், இருபது பேருக்கு மேல் கூட்டம் என்றால் ஒலிபெருக்கி, ஒரு நாளில் இரண்டு அமர்வுக்கு மேல் இல்லை, உடல்நலம் காரணமாக வர முடியாவிட்டால் மாற்று ஆளை அனுப்பும் உரிமை ஆகியவை அதில் இருக்கும். கடிதத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் ஏற்பாட்டாளர்கள் உண்டு. அவர்களோடு வேலை செய்யாமல் இருப்பதே லாபம். செலவைக் குறைக்க விரும்புபவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் விசாரியுங்கள். அங்கே காத்திருக்க நேரும், ஆனால் கையிருப்பு கரையாது.

கேட்பவர்களுக்கு நான் எழுதியது ஒரே ஒரு செய்திதான்: குரல் சரியில்லை, சில மாதம் புதிய கதை வராது. தெரிந்தவர் ஒருவர், பழைய பதிவுகள் இத்தனை இருக்கும்போது கணினியைக் கொண்டே உங்கள் குரலைச் செய்துவிடலாம், எழுதிக் கொடுத்தால் அது சொல்லிவிடும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றார். வருமானம் நின்றிருந்த நேரம். ஆசை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். அப்படிச் செய்தால் கேட்பீர்களா என்று கேட்பவர்களிடமே விட்டுவிட்டேன். சிலர் சரி என்றார்கள், அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அடுக்கக வாசலில் இரவுக் காவல் பார்க்கும் ஒருவர் எழுதியது இது: "வேண்டாம் டீச்சர். நீங்க நடுவுல தண்ணி குடிக்கிற சத்தம் கேட்டாத்தான் ஆள் பக்கத்துல இருக்குற மாதிரி இருக்கும். பழைய கதையவே திருப்பிக் கேட்டுக்கிடுதோம்." சவுதியில் லாரி ஓட்டும் தம்பி ஒருவர், பாலைவனச் சாலையில் தூக்கம் வராமலிருக்க என் கதைகளைப் போட்டுக்கொள்வதாகவும், ஒரு கதையைப் பத்து தரம் கேட்டாலும் அதில் வரும் கிழவியின் கெட்டிக்காரத்தனம் சலிக்கவில்லை என்றும் எழுதினார். தகப்பனாரைப் பறிகொடுத்த ஒரு பெண், காரியம் முடியும் வரை இரவுகளில் கதை கேட்டுத்தான் தூங்கினேன், அப்போது சொல்லத் தோன்றவில்லை, இப்போது சொல்கிறேன் என்று எழுதினாள். கதையால் யாருக்கும் கடன் அடைவதில்லை, போனவர் திரும்பி வருவதில்லை. ஆனால் தூங்க முடியாத இரவில் தெரிந்த குரல் ஒன்று, முடிவு தெரிந்த கதையை, அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டிருப்பது உடம்பைத் தளர்த்திவிடுகிறது. இதை நான் சொல்கிற பக்கத்தில் இருந்தவரை அறிந்ததில்லை. கேட்கிற பக்கத்துக்குத் தள்ளப்பட்ட பிறகுதான் அறிந்தேன்.

தள்ளியவர் முதியோர் இல்லத்து ஆச்சி ஒருவர். மௌன வாரத்தில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அங்கே போய் உட்கார்ந்தேன். எழுதிக் காட்டிய சிலேட்டை வாசிக்க அவருக்குக் கண் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் விவரத்தைச் சொன்னார். "நீ பேசாண்டாம் தாயி, நான் சொல்லுதேன், நீ ம் மட்டும் கொட்டு" என்றார் ஆச்சி. அதுவும் கூடாது என்று சைகை காட்டினேன். "அப்பொ என் கையப் பிடிச்சு அமுக்கு" என்று சொல்லிவிட்டுக் கொழுக்கட்டைக் கதையைத் தொடங்கினார். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்டவன், பெயர் மறக்காமலிருக்க "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே ஊருக்கு நடப்பான். வழியில் ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்பான். அதன் பிறகு அதுவே வாயில் ஒட்டிக்கொள்ள, வீட்டுக்கு வந்து அத்திரிபாச்சா செய்து கொடு என்று பெண்டாட்டியிடம் சண்டை பிடிப்பான். எல்லோருக்கும் தெரிந்த கதை. வழக்கமாக அவன் அவளை அடித்துவிட, நெற்றி கொழுக்கட்டை போல வீங்கிவிட்டதே என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்ல, அவனுக்குப் பெயர் நினைவு வரும். அந்த இடத்தை எப்படிச் சொல்வது என்று நானே பல முறை தடுமாறியிருக்கிறேன். ஆச்சியின் கதையில் அவன் கையை ஓங்கிக்கொண்டு பாயும்போது நிலைப்படி இடித்து, வீங்கியது அவன் நெற்றிதான். நான் கையை அமுக்கினேன். ஆச்சி தன் பங்குக்கு ஒரு கேள்வியும் போட்டார்: "பொம்பளைய அடிக்கவனுக்குக் கொழுக்கட்டை வேற அவிச்சுப் போடணுமாக்கும்?"

இந்தச் செய்தி எப்படியோ பரவி, கேட்பவர்கள் தங்கள் வீட்டுப் பாட்டிமாரின் கதைகளைப் பதிவு செய்து எனக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பின்னணியில் குக்கர் விசில், கோழி, கொட்டாவி எல்லாம் இருக்கும். ஜூன், ஜூலை இரவுகளை அவைதான் கடத்தின. அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் ஒரு வரி சொன்னால், பக்கத்தில் இருப்பவர் "ஆமாம்" போட்டு அதைத் திருப்பிச் சொல்வார். குடமும் உடுக்கையும் இடையில் எடுத்துக்கொள்ளும். கதாகாலட்சேபத்தில் பாகவதருக்குப் பின்பாட்டு உண்டு. வீட்டுத் திண்ணையிலும் "ம்" கொட்ட ஆள் இல்லாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். இரவு முழுக்கக் கதை நடத்திய நம் மரபில் ஒரு தொண்டை தனியாக நின்றதே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, எதிரில் ஒரு "ம்" கூட இல்லாமல், கைபேசியிடம் தனியாகக் கதை சொல்வது நம் காலத்து ஏற்பாடு. அதன் பாரம் முழுவதும் குரல்நாணின் மேலேயே விழுகிறது.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடிக் குவளையில் பாதி தண்ணீர் வைத்து, உறிஞ்சுகுழலை இரண்டு விரற்கடை அளவு அமிழ்த்தி, "ஊ" என்று ஓசை எழுப்பிக் குமிழி விட வேண்டும். பேத்திக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. குரல்நாண்கள் முட்டிக்கொள்ளாமல் மென்மையாக அதிர அது பழக்குகிறது. மூச்சை வயிற்றிலிருந்து எடுப்பது, வாக்கியம் முடியுமுன் மூச்சு தீர்ந்துபோகாமல் துண்டு துண்டாகப் பேசுவது, கடைசிச் சொல்லை அமுக்கி விழுங்காமல் இருப்பது ஆகியவையும் சேர்ந்தவை. யாரைப் பார்த்தும் இதைத் தானாகச் செய்ய வேண்டாம். ஒரு முறையாவது பேச்சுப் பயிற்சியாளரின் முன்னால் செய்து திருத்திக்கொள்ள வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுகிறேன், ஏனென்றால் வயிற்று அமிலம் மேலேறிக் குரல்வளையைப் புண்ணாக்குவதும் என் சிக்கலில் ஒரு பங்கு என்றார்கள். பதிவை விடிகாலை ஐந்து மணிக்கு மாற்றிவிட்டேன். அந்த நேரத்திலும் தெரு அடங்கித்தான் இருக்கிறது, இது முன்னமே தோன்றியிருக்கலாம். பதிவு செய்யும்போது எதிரே யாராவது ஒருவர் உட்கார வேண்டும் என்பதும் இப்போது விதி. பெரும்பாலும் பேத்தி, சில நாள் பக்கத்து வீட்டு அக்கா. ஆள் எதிரில் இருந்தால் குரலை உயர்த்தாமலே கதை போய்ச் சேர்கிறது.

புரட்டாசியில் பத்து நிமிடக் கதை ஒன்றைச் சொல்லி மீண்டும் தொடங்கினேன். முடிச்சு சுருங்கியிருக்கிறது, முழுவதும் மறையவில்லை. சுண்டெலியின் குரல் பழையபடி வரவில்லை. இப்போது என் சுண்டெலி கொஞ்சம் தடித்த குரலில் பேசுகிறது, பிள்ளைகள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள். பதில் குரல் கொடுத்த அந்தச் சிறுவனுக்கும், காத்திருந்த காவல்காரருக்கும், லாரித் தம்பிக்கும், இன்னும் பெயர் சொல்லாத அத்தனை பேருக்கும் என் நன்றி. பாட்டிமார் கதைகளில் பொதுவில் சொல்ல அனுமதி வாங்கியவற்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஜனவரி முதல் ஞாயிறு நூலகத்தில் முதல் கதையை நான் சொல்லப்போவதில்லை. முகாம்களுக்கு எனக்குப் பதிலாகப் போன அந்தப் பெண் சொல்கிறாள், "ஆமாம்" போடுவது நான். இரண்டாவது கதை ஆச்சியின் கொழுக்கட்டை. பேருந்து ஏற முடியாத ஆச்சிக்கு ஆட்டோ ஏற்பாடாகியிருக்கிறது, மைக்கும் வந்துவிட்டது. பழையதுதான், பாதி விலைக்குக் கிடைத்தது.